ஒரே உஸ்தாத், 35 பிள்ளைகள்: மாலை மக்தபில் ஓதிக்கொடுப்பதும் அடுத்த மதத்தைப் பற்றிப் பேசுவதும்

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் மஃரிப், இஷா என்ற இரண்டு தொழுகைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் மக்தப் (குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு) நடக்கிறது. 5 வயது முதல் 14 வயது வரை 35 பிள்ளைகள், ஒரே உஸ்தாத் (ஆசிரியர்). தமிழ் மீடியம், ஆங்கில மீடியம், உருது பேசும் வீடு என்று கலந்து உட்காருகிறார்கள். 9 வயதுப் பையன் ஒருவன் இரண்டு வருடமாக எழுத்தைத் தாண்டவில்லை. இதற்கு நடுவில், பொங்கலுக்கு வகுப்புத் தோழன் கொடுத்ததை ஒரு பிள்ளை முகத்தில் அடித்தாற்போல் மறுத்து, அது பள்ளிக்கூடத்தில் பேச்சாகிவிட்டது. இவ்வளவு விதமான பிள்ளைகளுக்கு எப்படி ஓதிக்கொடுப்பது, மத நல்லிணக்கம் என்று தனி வகுப்பு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: தன்னைப் போல் இல்லாதவனோடு எப்படி நடப்பது என்பதைப் பிள்ளைகள் மக்தபில் எங்கே பார்த்துக் கற்கிறார்கள்? அந்த 9 வயதுப் பையன் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்கிற வகுப்பில், சகிப்புத்தன்மையைப் பற்றி எவ்வளவு பேசினாலும் காதோடு போய்விடும். அதனால் ஓதிக்கொடுப்பதிலிருந்தே தொடங்குகிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கற்பிக்கும் முறையைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன், இது ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) அல்ல. மார்க்கச் சட்ட விஷயம் வரும் இடங்களில் எது எல்லோரும் ஒத்துக்கொண்டது, எதில் ஆலிம்களுக்குள் (மார்க்க அறிஞர்களுக்குள்) கருத்து வேறுபாடு என்று மட்டும் பிரித்துக் காட்டுகிறேன். முடிவை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நேரக் கணக்கு. ஒவ்வொரு பிள்ளையாக உஸ்தாத் முன்னால் வந்து ஓதிவிட்டுப் போவதுதான் நம் பழைய முறை. 60 நிமிடத்தை 35 ஆல் வகுத்தால் ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது. மிச்ச 58 நிமிடம் பிள்ளை சும்மா வாயசைக்கும், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும், கடைசியில் அடி வாங்கும். இதற்குப் பதிலாக முதல் 10 நிமிடம் எல்லோரும் சேர்ந்து ஒரு ஸூராவையோ (குர்ஆன் அத்தியாயம்) துஆவையோ (பிரார்த்தனை) கூட்டாகச் சொல்லட்டும். அடுத்த 35 நிமிடம் மூன்று வட்டமாகப் பிரியட்டும்: தனி எழுத்து, கூட்டெழுத்து, பார்த்து ஓதுபவர்கள். கடைசி 15 நிமிடம் மறுபடி எல்லோரும் ஒன்றாக, கதைக்கும் பழக்கவழக்கத்துக்கும். அந்த நடு 35 நிமிடத்தில் உஸ்தாத் ஆளுக்கு இரண்டு நிமிடம் வீதம் 17 பிள்ளைகளைக் கேட்டுவிடலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் அநேகமாக எல்லோருக்கும் முறை வந்துவிடும். மற்ற வட்டங்களைப் பெரிய பிள்ளைகள் பார்த்துக்கொள்ளலாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை முறைதான் இது. 1790களில் ஆண்ட்ரூ பெல் எழும்பூர் அநாதைப் பள்ளியில் இதை நடத்திப் பார்த்துவிட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோக, அங்கே இதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர் வந்தது. ஒரு எல்லை மட்டும் வேண்டும். சட்டாம்பிள்ளை பழைய பாடத்தைத் திரும்பச் சொல்ல வைக்கலாம், புதுப் பாடம் கொடுக்கக் கூடாது, உச்சரிப்பைத் திருத்தவும் கூடாது. தப்பான மக்ரஜ் (எழுத்து பிறக்கும் இடம்) ஒன்று பெரிய பிள்ளையிடமிருந்து பத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பரவிவிட்டால் அதைப் பிடுங்க ஒரு வருடம் ஆகும்.

பாட அளவுக்கு மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் ஸர்னூஜியின் தஃலீமுல் முதஅல்லிம் என்ற நூல் நல்ல அளவுகோல் தருகிறது. இரண்டு முறை திருப்பிச் சொன்னால் மனதில் நிற்கும் அளவுதான் தொடக்கக்காரனின் பாடம், பிறகு நாளுக்கு ஒரு சொல் வீதம் கூட்டலாம். நேற்றையதை ஐந்து முறை, முந்தாநாள் பாடத்தை நான்கு முறை, அதற்கு முந்தியதை மூன்று முறை என்று இறங்குவரிசையில் திருப்பிப் பார்க்க வேண்டும். 800 வருடப் பழைய யோசனை, கைப்பேசியில் கேட்டு மனனம் செய்யும் பிள்ளைக்கும் அப்படியே பொருந்துகிறது. நம் மக்தபுகளில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: புதுப் பாடம் நிறைய, திருப்பல் கொஞ்சம்.

மொழிக் கலப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில்தான் மிகப் பெரிய, ஆனால் கண்ணுக்குத் தெரியாத சிக்கல் இருக்கிறது. தமிழ் எழுத்தில் ஒலிப்புள்ள த, ஒலிப்பில்லாத த இரண்டுக்கும் ஒரே எழுத்து. அரபியில் தா வேறு, தால் வேறு. தீன் என்று தமிழில் எழுதினால் தாலில் தொடங்கும் சொல்லுக்கு மார்க்கம் என்று பொருள், தாவில் தொடங்கினால் அத்திப்பழம். வத்தீனி ஸூராவில் முதல் ஆயத்தில் (வசனத்தில்) அத்தியும் ஏழாவது ஆயத்தில் மார்க்கமும் வருகின்றன. தமிழ் எழுத்தைப் பார்த்து மனனம் செய்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. இதே போல் அடிநாக்கை உள்நாக்கருகே உயர்த்திச் சொல்லும் காஃபில் தொடங்கினால் குல் என்பது சொல்வீராக, கொஞ்சம் முன்னால் வரும் மற்றக் காஃபில் தொடங்கினால் சாப்பிடு. கல்ப் ஒன்று இதயம், இன்னொன்று நாய். ஆகவே தமிழில் எழுதிய ஸூராப் புத்தகத்தைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பெரியவர்களுக்கு அவசரத்துக்கு உதவலாம், பிள்ளைகளுக்குக் காது வழியாகவே போகட்டும். ஒருநாளைக்கு ஒரே ஒரு ஜோடி ஒலியை எடுத்து, உஸ்தாத் வாயை மறைத்துக்கொண்டு சொல்ல, எது என்று பிள்ளைகள் கையைத் தூக்கிக் காட்டட்டும். கேட்டுப் பிரிக்கத் தெரிந்த பிறகுதான் நாக்கு பிரிக்கும். உருது வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு மாதிரி. தா, தால் பிரிப்பு அவர்களுக்கு எளிது. ஆனால் ளாத், ளோ, தால் வகையில் நாக்கை வெளியே நீட்டும் எழுத்து எல்லாமே ஆங்கில z போன்ற ஒரே ஒலியாகிவிடும். எழுத்தின் பெயரை அவர்கள் பே, தே என்பார்கள், தமிழ்ப் பிள்ளைகள் பா, தா என்பார்கள். வகுப்புக்கு ஒரு பெயர்வரிசையை முடிவு செய்யுங்கள், ஆனால் வீட்டில் சொல்லும் பெயரைத் தப்பு என்று சொல்லாதீர்கள், சிரிக்கவும் விடாதீர்கள். இன்னொன்று: எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே வகை முஸ்ஹஃப் (குர்ஆன் பிரதி) இருக்கட்டும். நம் நாட்டில் அச்சாகும் எழுத்தும் மதீனாவில் அச்சாகும் எழுத்தும் ஸுகூன் (உயிரொலி இல்லை என்று காட்டும்) குறியிலும் நீட்டல் குறியிலும் வேறுபடும். உம்ராவுக்குப் போன வாப்பா அன்போடு வாங்கி வந்த முஸ்ஹஃபால் பிள்ளை தடுமாறும், உஸ்தாதோ அது பாடம் பார்க்கவில்லை என்று நினைப்பார்.

இப்போது அந்த 9 வயதுப் பையன். முதலில் கண்ணும் காதும் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சரி, பேச்சில் கெட்டி, கதையை அப்படியே திருப்பிச் சொல்கிறான், பள்ளிக்கூடத்திலும் வாசிப்பு மட்டும் வரவில்லை என்றால் கற்றல் குறைபாடாக இருக்க வாய்ப்பு உண்டு. அதை உஸ்தாதோ நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பரிசோதிக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் இதுவும் ஒன்று, சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் கிடைக்கும். பெற்றோர் ஜின் பார்வை, கண்ணேறு என்று அலைந்துகொண்டிருந்தால் ஓதிப் பார்ப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு இதையும் செய்யச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

மக்தபில் செய்ய வேண்டியது, அவனுடைய மனனத்தையும் வாசிப்பையும் பிரித்துவிடுவது. எழுத்து வரும்வரை ஸூரா கிடையாது என்பதுதான் அவனை முடக்கியிருக்கிறது. குர்ஆனின் கடைசிப் பகுதியான அம்ம ஜுஸ்உவில் உள்ள 37 ஸூராக்களைக் காதால் கேட்டு அவன் வயதுப் பிள்ளைகளோடு மனனம் செய்யட்டும். வாசிப்புக்குத் தனியாக ஐந்து நிமிடம் போதும். பா, தா, ஸா என்று உருவம் ஒத்த எழுத்துகளை வரிசையாகக் கொடுப்பதுதான் இவர்களுக்குப் பெரிய குழி. முதலில் அலிஃப், பா, ஜீம், தால், ஸீன், மீம் என்று பார்த்தாலே வேறுவேறாக இருப்பவை, வாரத்துக்கு இரண்டு எழுத்து. பா உறுதியான பிறகு பல வாரம் கழித்துத் தா. புள்ளியைத் தனியாகச் சொல்ல வையுங்கள்: பா, கீழே ஒன்று, தா, மேலே இரண்டு, நூன், மேலே ஒன்று, யா, கீழே இரண்டு. மணல் பரப்பிய தட்டில் விரலால் எழுதி, எழுதும்போதே ஒலியைச் சொல்லட்டும். தமிழை இடமிருந்து வலமாகவும் அரபியை வலமிருந்து இடமாகவும் படிப்பதில் குழம்பினால், தொடங்கும் பக்கத்தில் ஒரு வண்ணக்கோடு போட்டு வையுங்கள். அட்டையில் ஒரு வரி அளவு ஓட்டை வெட்டி மற்ற வரிகளை மறைத்தால் கண் அலையாது. சோதிப்பதில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். இந்தப் பிள்ளைகள் பக்கத்தையே மனனம் செய்து வாசிப்பதுபோல ஒப்பிப்பார்கள். கீழ் வரியிலிருந்து மேலாக, நடுவில் ஏதாவது ஒரு எழுத்தைத் தொட்டுக் கேட்டால்தான் உண்மை தெரியும். மற்ற பிள்ளைகளையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள், இன்னும் மூன்று நான்கு பேர் சிக்குவார்கள்.

திக்குவாய்ப் பிள்ளை இருந்தால் கூட்டாக ஓதும்போது பெரும்பாலும் திக்காது, அதனால் தனியாக எழுப்பி நிறுத்துவதற்கு முன் இன்னொரு பிள்ளையோடு ஜோடியாக ஓத வையுங்கள். சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். சிரமப்பட்டு, தட்டுத்தடுமாறி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் உள்ளது. அதை அவனிடம் ஆறுதலாகச் சொல்வதைவிட முழு வகுப்புக்கும் சட்டமாகச் சொல்லிவையுங்கள். பார்வையற்ற பிள்ளைக்கு பிரெயில் குர்ஆன் உண்டு. அரபி பிரெயில் இடமிருந்து வலமாகத்தான் வாசிக்கப்படும், பள்ளியில் பிரெயில் படிக்கும் பிள்ளைக்கு அதனால் திசைக் குழப்பம் வராது. வளர்ந்த பெண்பிள்ளைகள் மாதவிடாய் நாட்களில் வராமல் நின்றுவிடுவது யாரும் வாய்விட்டுச் சொல்லாத சிக்கல். மாதம் ஒரு வாரம் என்றால் வருடத்தில் கால்வாசிப் பாடம் போய்விடும். அந்நாட்களில் முஸ்ஹஃபைத் தொடக் கூடாது என்பது நான்கு மத்ஹபிலும் (மார்க்கச் சட்டப் பள்ளிகள்) பொது விதி, கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் மாலிகி மத்ஹபில் விலக்கு உண்டு. ஓதலாமா என்பதில் பெரும்பாலோர் கூடாது என்கிறார்கள், மாலிகி மத்ஹபு அனுமதிக்கிறது. இந்த விவாதத்துக்குள் போகாமலேயே கேட்பது, பொருள் படிப்பது, துஆக்கள், ஸீரத் (நபிகளின் வரலாறு) என்று ஒரு வாரப் பாடத்தைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். காரணம் கேட்காமல் யார் வேண்டுமானாலும் அந்தப் பாடத்தை எடுக்கலாம் என்று வைத்தால் பிள்ளை கூச்சப்பட வேண்டியிருக்காது.

பிரம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பத்து வயதில் அடிப்பது பற்றிய ஹதீஸ் தொழுகையைப் பற்றியது, எழுத்துப் பாடத்தைப் பற்றியது அல்ல. அடியின் அளவைப் பற்றியும் ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களில் கடும் வரம்புகள் உண்டு. கடுமையாக நடத்தப்படும் மாணவன் பொய்யும் வஞ்சகமும் கற்றுக்கொள்வான் என்று இப்னு கல்தூன் 14ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். கல்வி உரிமைச் சட்டம் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மதரஸாக்களுக்குப் பொருந்தாது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவுக்கு அப்படி விலக்கு இல்லை. பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் துன்புறுத்தினால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இனி அடுத்த கேள்வி. அடுத்த மதத்துக்காரரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வகுப்புக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பாருங்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்க் குடும்பங்கள் ஷாஃபி மத்ஹபு, உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபி. வேலை, திருமணம் என்று இடம் மாறி ஒரே வகுப்பில் இருவரும் இருப்பார்கள். ஒரு பிள்ளை தொழுகையில் குனியும் ருகூவுக்குப் போகும்போது கையை உயர்த்தும், ஃபஜ்ர் என்ற அதிகாலைத் தொழுகையில் குனூத் என்ற துஆவை ஓதும். இன்னொன்று கையை உயர்த்தாது, குனூத்தை வித்ர் என்ற இரவுத் தொழுகையில் ஓதும். போதாக்குறைக்கு ஒரு வீட்டில் மவ்லிதும் (புகழ்ப் பாடல்) கந்தூரியும் (தர்கா விழா), இன்னொரு வீட்டில் அவற்றை எதிர்க்கும் தவ்ஹீத் ஜமாஅத். ரஃபுல் யதைன் செய்த, அதாவது அப்படிக் கையை உயர்த்திய பையனை மற்றவர்கள் கேலி செய்வதை உஸ்தாத் கண்டுகொள்ளாமல் விட்டால், அந்த வகுப்பு கற்றுக்கொண்ட பாடம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பிள்ளைகளை அருகருகே நிறுத்தித் தொழ வைத்து, இது இமாம் அபூஹனீஃபா சொன்னது, இது இமாம் ஷாஃபி சொன்னது, இரண்டும் செல்லும் என்று காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. தர்கா, மவ்லித் விவகாரத்தை மட்டும் வகுப்புக்குள் எடுக்காதீர்கள். அது பிள்ளைகளின் அத்தா, வாப்பாக்கள் பேசித் தீர்க்க வேண்டியது.

நல்லிணக்கம் என்று தனி வகுப்பு வேண்டாம் என்பதே என் கருத்து. வேண்டிய ஆயத்துகள் பிள்ளைகள் மனனம் செய்யும் அம்ம ஜுஸ்உவிலேயே இருக்கின்றன, பொருள் மட்டும்தான் சொல்லப்படுவதில்லை. அபஸ ஸூராவை எடுங்கள். மக்காவின் குறைஷிக் குலத் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது கண் தெரியாத இப்னு உம்மி மக்தூம் வந்து கேட்க, நபிகள் முகம் சுளித்தார்கள், அதற்காக இறைவன் திருத்திச் சொன்ன ஸூரா அது. அவரே பிறகு மதீனாவில் பிலாலோடு பாங்கு சொல்பவரானார். காஃபிரூன் ஸூராவின் கடைசி ஆயத்து: உங்களுக்கு உங்கள் மார்க்கம், எனக்கு என் மார்க்கம். இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். இந்த ஸூரா எல்லா மதமும் ஒன்று என்று சொல்லவில்லை. நீங்கள் வணங்குவதை நான் வணங்கமாட்டேன் என்று தெளிவாகப் பிரித்துவிட்டுத்தான் அவரவர் வழியை அவரவருக்கு விடுகிறது. அதனால் எம்மதமும் சம்மதம் என்று மக்தப் சுவரில் எழுதி வைத்தால், அது தவறு என்று பெற்றோர் சொல்வது சரியாகத்தான் இருக்கும், சில பிள்ளைகள் வருவதும் நின்றுபோகும். மார்க்கத்தில் கட்டாயமில்லை என்ற 2:256 ஆயத்தின் எல்லையைப் பற்றிப் பழைய விரிவுரையாளர்களுக்குள் விவாதம் உண்டு. ஆனால் 6:108, அடுத்தவர் வணங்குபவற்றைத் திட்டாதீர்கள் என்பது, தெளிவான தடை. மார்க்கத்துக்காக உங்களோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியோடு நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று 60:8 சொல்கிறது. இவை இரண்டையும் பெரிய பிள்ளைகள் பொருளோடு படிக்கட்டும்.

ஸீரத் சொல்லும் முறையையும் மாற்ற வேண்டியிருக்கும். பத்ர், உஹத், அகழ் என்று போராகவே சொல்லிக்கொண்டு போனால் முஸ்லிம் அல்லாதவர் என்றாலே எதிரில் வாளோடு நிற்பவர் என்ற சித்திரம் தானாக விழும். அதே ஸீரத்தில் முஸ்லிம்களுக்கு அடைக்கலம் கொடுத்த அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி இருக்கிறார். தாயிஃபிலிருந்து திரும்பியபோது மக்காவுக்குள் பாதுகாப்புக் கொடுத்த முத்இம் பின் அதீ இருக்கிறார். மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத்தில் நபிகள் உயிரை நம்பி ஒப்படைத்த வழிகாட்டி அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது குறைஷிகளின் மதத்தில்தான் இருந்தார். ஒரு யூதரின் ஜனாஸாவுக்கு (பிரேதத்துக்கு) நபிகள் எழுந்து நின்று, அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்டது புகாரியில் இருக்கிறது. போரை மறைக்க வேண்டாம், இவர்களையும் விடாமல் சொன்னால் போதும். காஃபிர் என்ற சொல்லை வசவாகப் பயன்படுத்தினால் அன்றே திருத்துங்கள். பேச்சில் மாற்று மத சகோதரர் என்று பலர் சொல்கிறார்கள், அதைவிட எளிது பெயரைச் சொல்வது: முருகன், ஜெனிஃபர்.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு ஒரே பதில் கிடையாது. வணக்கம் சொல்லலாமா என்று கேட்பார்கள். தமிழ் முஸ்லிம்கள் இபாதத்தையே (இறைவழிபாட்டையே) வணக்கம் என்று சொல்லிப் பழகியதால் சிலர் தயங்குகிறார்கள், சிலர் அது வெறும் முகமன் என்கிறார்கள். தயங்கும் வீட்டுப் பிள்ளை ஊமையாக நிற்காமல், குட் மார்னிங் சார் என்றாவது சொல்லப் பழக்குங்கள். பண்டிகை வாழ்த்திலும் தடுப்போரும் அனுமதிப்போரும் இருக்கிறார்கள். சாமிக்குப் படைத்த உணவைத் தவிர்க்கச் சொல்வோரே அதிகம், கறி அல்லாத பதார்த்தங்களில் வேறு கருத்தும் உண்டு. படைக்காத கரும்பையும் மஞ்சளையும் பழத்தையும் அன்பளிப்பாக வாங்குவதில் பெரிதாகச் சர்ச்சை இல்லை. என் நண்பன் நரகத்துக்குப் போவானா என்ற கேள்விக்கு, நாம் எதை நம்புகிறோம் என்று சொல்லலாம், ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆளின் முடிவைத் தீர்ப்பது நம் வேலை இல்லை, அல்லாஹ்வுக்கே தெரியும் என்பதோடு நிறுத்துங்கள்.

அந்தப் பொங்கல் பிள்ளை சாப்பிடாதது சிக்கல் இல்லை, மறுத்த விதம்தான் சிக்கல். அதை நடித்துப் பழக்கலாம். ஒரு பிள்ளை கொடுக்கட்டும், இன்னொன்று இரண்டு கையாலும் மரியாதையாக, எங்க வீட்ல இது சாப்பிட மாட்டோம்டா, நீ எனக்காகக் கொண்டு வந்தியே, ரொம்ப சந்தோஷம், கரும்பு இருந்தா குடு என்று சொல்லட்டும். பிறகு இடம் மாற்றுங்கள், மறுக்கப்படுபவன் இடத்திலும் அந்தப் பிள்ளை நிற்க வேண்டும். வரும் பெருநாளுக்கு அந்தத் தோழன் வீட்டுக்கு ஏதாவது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன் அவர்கள் வீட்டில் கறி சாப்பிடுவார்களா, மாட்டுக்கறி ஆகுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சைவ வீடு என்றால் வட்டிலப்பமும் ஆகாது, அதில் முட்டை இருக்கிறது. பால் சேமியா அனுப்பலாம்.